பல் போன கியரும் உன் கைராசியும்

அன்புள்ள சாமு,

காட்டுப்பாக்கத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் போதாதா, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்கும் பாதியிலேயே தைரியம் போய்விடும், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இந்த வாரம் மூன்று தடவை அப்படித்தான் ஆயிற்று. மூன்று தடவையும் நீ சாப்பிட்டிருந்தாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதை ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, காபி குடித்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து படி. ஷீலாவும் பக்கத்தில் இருந்து படிக்கட்டும், அவளால்தான் இந்தக் கடிதமே வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை அவள் கூப்பிட்டாள். "அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, என்ன கேட்கப் போகிறாளோ என்று போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டேன். "கிச்சன்ல பைப்பு சொட்டுது அத்தை. வாஷர் மாத்துங்கன்னு ஒரு வாரமா சொல்றேன். கிட்டயே போக மாட்டேங்கிறாரு. எனக்குக் கைராசி கிடையாது, ஆள் வச்சு மாத்திக்கலாம்ங்கிறாரு." நான் சிரித்துவிட்டு, "சோம்பேறித்தனம்மா, உங்க மாமனார் பரம்பரை அது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "இல்ல அத்தை. இம்ரான் அண்ணன் அவரு பட்டறையில சேந்துக்க வாடான்னு கூப்பிட்டிருக்காரே, அதுக்கும் இதையேதான் சொல்றாரு. இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். முடியாதுன்னு சொல்லப் போறாராம். அந்தப் பட்டறை போட்டோவ தினமும் போன்ல எடுத்து எடுத்துப் பாக்குறாரு. கேட்டா, எங்கம்மாவே சொன்னது, அவங்க ஆயுசு முழுக்க கியர் பாத்தவங்க, அவங்க சொன்னா தப்பா இருக்காதுங்கிறாரு." குக்கர் விசில் வருகிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா கத்தோலிக்கர். அவர்கள் கோயிலில் செய்த பாவத்தைச் சொல்வதற்கென்றே ஒரு கூண்டு இருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் இவர். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அப்படியே எழுந்து பூந்தமல்லி மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போய்விடுவார். நம் சபையில் அந்த வசதி இல்லை. யாருக்குக் கெடுதல் செய்தோமோ அந்த ஆளிடமே நேராகப் போய்ச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன். நீ பிளஸ் டூ முடித்த லீவில் ரிமோட்டில் ஓடும் உன் நைட்ரோ கார் மூன்று தடவை கியர் பல் போய் நின்றதே, மூன்று தடவைக்கும் காரணம் நான்தான்.

இப்போது தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

அந்தக் காரை உன் மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து உன் கையில் கொடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேட்டரி பொம்மை என்று நினைத்திருந்தேன். நீ அதில் அந்த ரோஸ் கலர் எண்ணெயை ஊற்றி, பிளக்கைச் சூடு பண்ணி, கயிற்றை இழுத்ததும் அது போட்ட சத்தத்தில் ஸ்டெல்லா அக்கா வீட்டு வாசலில் காயப்போட்ட வடகத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். நீ அதைக் கழற்றி எனக்குக் காட்டினாய். என்ஜின் பக்கம் சின்னதாக ஓர் இரும்புக் கியர், அதோடு கடித்துக்கொண்டு பெரியதாக ஒரு பிளாஸ்டிக் கியர். இந்தப் பிளாஸ்டிக்கின் பல் போனால் என்ஜின் கிடந்து கத்தும், வண்டி ஓர் அங்குலம் நகராது என்று நீதான் சொன்னாய். நான் திருமழிசை எஸ்டேட்டில் கியர் கம்பெனி இன்ஸ்பெக்‌ஷனில் அன்றைக்கே பன்னிரண்டு வருஷம் முடித்திருந்தவள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கியர் என் கையால் போகும். பல்லை அளப்பேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன், சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு, எண்ணெய்த்தாளில் சுற்றி டப்பாவில் அடுக்கி அனுப்பிவிடுவோம். ஆனால் ஒன்று சொல்கிறேன் சாமு, அத்தனை வருஷத்தில் நான் பார்த்த கியர் ஒன்றுகூட என் கண்ணெதிரே ஓடியதில்லை. உன் கார்தான் முதலில் ஓடியது. எனக்கு ஆசை வந்துவிட்டது.

நீ காலையில் டிரைவிங் கிளாஸ் போவாய். எனக்கு அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட், மத்தியானம் கிளம்பினால் போதும். உங்கப்பா ஆபீசுக்குப் போயிருப்பார். காரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து காலி மனைக்குப் போனேன். மனைக்காரர் கன்னியப்பனை உனக்குத் தெரியும். காட்டுப்பாக்கத்தில் நெல் விளைந்த காலத்திலிருந்து இருக்கிற குடும்பம், இப்போது தண்ணி லாரி ஓட்டுகிறார். வேலியோரம் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர், நான் கயிற்றை இழுத்து இழுத்துத் தோற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னாக்கா பண்றே? குடு இப்டி" என்று வாங்கி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார். ரிமோட்டின் விசையைக் கொஞ்சம்தான் அழுத்தினேன். அது பறந்து போய் அவர் வீடு கட்டக் கொட்டிவைத்திருந்த மணல் குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டது. சக்கரம் மணலில் புதைந்துவிட்டது, நகரவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? விசையை விட்டுவிட்டுப் போய்க் காரை எடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? இன்னும் அழுத்தினேன். டர்ர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் என்ஜின் மட்டும் ஊளையிட்டது. "எக்கா, அது கத்துது, நவுரல. இன்னாமோ பூட்ச்சு" என்றார் கன்னியப்பன். எனக்கா தெரியாது? துடைத்து, மணலை ஊதி, பெட்டியில் இருந்தபடியே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

முந்தின நாள் கடைசியாக நீ ஓட்டியபோதே போயிருக்கும் என்று நினைத்தாய். அந்தப் பல் போன கியரை என்னிடமே கொண்டுவந்து, "அம்மா, நீ பாத்துச் சொல்லும்மா, எதனால போச்சு?" என்று கேட்டாய். பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஒரே இடத்தில் ஐந்து பல் மழமழவென்று மழுங்கியிருந்தது. சக்கரம் நின்றிருக்க, என்ஜின் மட்டும் சுற்றினால்தான் அப்படி ஓரிடத்தில் கடித்துத் தின்னும். எழுதப் படிக்கத் தெரிந்த எவனும் சொல்லிவிடுவான். நான் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "கல்லு பூந்திருக்குடா" என்றேன். கம்பெனியில் ஒரு நாள்கூடத் தப்பாகச் சீட்டு ஒட்டாதவள் நான். மேனேஜரே வந்து நின்று கேட்டாலும் சிவப்பு என்றால் சிவப்புதான். முதல் கள்ளச் சீட்டை என் வீட்டில், என் பிள்ளைக்கே ஒட்டினேன்.

அதோடு விட்டேனா? புது கியர் பார்சலில் வந்து நீ மாட்டிய அடுத்த வாரமே மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை கன்னியப்பன் பலகையோடு தயாராக இருந்தார். "செங்கல் மேல பலக வெச்சா ஜம்முனு பறக்கும்க்கா, ஒரே ஒரு வாட்டி!" என்றார். பறந்தது சாமு. உண்மையாகவே பறந்தது. காற்றில் இருக்கும்போது விசையை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். பயம் வந்தால் பிடித்ததை இறுக்குகிற கை எனக்கு. ஸ்கூட்டி பழகியபோது சபைக் காம்பவுண்டுச் சுவரை இடித்ததும் அப்படித்தான். மேலே சக்கரம் பேய் மாதிரி சுற்றிக்கொண்டிருக்க, தரையில் விழுந்ததும் தரை அதைப் பிடித்து நிறுத்தியது. நடுவில் மாட்டிய பிளாஸ்டிக் பல்தான் பாவம், என்ன செய்யும்? கன்னியப்பன் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நான் ஒண்ணுமே பாக்கலக்கா. நான் இங்க இல்லவே இல்ல" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் என் தீர்ப்பு, "என்ஜின் ஸ்க்ரூ லூசா இருந்திருக்கும்." நீ உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, துடைத்து, மறுபடி கழலாமலிருக்க நீலப் பசை வைத்து முடுக்கினாய். ஒரு லாங் சைஸ் நோட்டில் கியர் பல் போவதற்கான காரணங்கள் என்று தலைப்பிட்டு எழுதினாய். கல், லூஸ் ஸ்க்ரூ, இடைவெளி அதிகம், இடைவெளி குறைவு, கியர் கோணலாக உட்கார்ந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்து ஒவ்வொன்றாக அடித்தாய். ஆறாவதாக அம்மா என்று எழுத உனக்குத் தோன்றவே இல்லை. நான் உனக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

அதற்கப்புறம் சத்தியமாக நான் அந்த ரிமோட்டைத் தொடவில்லை. மூன்றாவது தப்பு நல்ல மனசோடு செய்தது, அதனால்தான் அது மற்ற இரண்டையும் விட மோசமாகப் போய்விட்டது. குத்தம்பாக்கத்தில், இப்போது புது பஸ் நிலையம் வந்திருக்கிறதே, அந்தப் பக்கத்துக் காலி மைதானத்தில் உன் கூட்டாளிப் பையன்கள் எல்லாரும் சேர்ந்து ரேஸ் வைத்த நாள். காலையில் நீ கடைசியாகக் கியர் இடைவெளி வைத்தாய். உங்கப்பா சபையில் பாடுகிற பாட்டுத்தாளில் ஓர் ஓரம் கிழித்து, அதை இரண்டு கியருக்கும் நடுவில் விட்டு, என்ஜினை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முடுக்கி, சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுத்தாய். தாள் மடிந்திருந்தது, கிழியவில்லை. அவ்வளவுதான் வேண்டும், அதற்கு மேல் சரியாக யாராலும் வைக்க முடியாது. நீ குளிக்கப் போனாய். நான் சும்மா விரலால் அசைத்துப் பார்த்தேன். டிக் டிக்கென்று லேசாக ஆடியது. எங்கள் கம்பெனி இரும்புக் கியர் இப்படி ஆடினால் அந்த நிமிஷமே சிவப்புச் சீட்டு. ஐயோ, பிள்ளைக்குத் தெரியவில்லையே, இன்றைக்கும் பல் போய்விடப் போகிறதே என்று நினைத்தேன். நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தி, ஆட்டமே இல்லாமல் நெருக்கி வைத்து முடுக்கினேன். செய்த பாவத்துக்கு ஈடு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இட்லிக்குச் சட்னி அரைத்தேன்.

என்ஜின் சூடேறினால் பிளாஸ்டிக் உப்பும். இரும்புக்கே நாங்கள் சூட்டுக்கு இடம் விடுவோம், பிளாஸ்டிக்குக்கு அதைவிட விட வேண்டும். இதை யோசிக்கக்கூடத் தோன்றாத அளவுக்கு எனக்கு என் வேலை தெரியும் என்ற திமிர். இரண்டாவது சுற்றில், உன் வண்டி முதலாவதாக வந்துகொண்டிருக்கும்போது, அந்த ஊளைச் சத்தம் கேட்டது. நீ தூக்கிக்கொண்டு வந்தாய். மூடியைக் கழற்றினால் சுற்றிலும் ஒரு பல் கிடையாது, வளையல் மாதிரி இருந்தது, உருகிய வாடை வேறு. பார்த்த அந்த வினாடியே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உங்கப்பா இருந்தார், இம்ரான் இருந்தான், இன்னும் யார் யாரோ நின்றார்கள். நீ என்னைப் பார்த்து, "நான் எங்கம்மா தப்பு பண்ணேன்? எல்லாம் சரியாத்தானே வெச்சேன்?" என்று கேட்டாய். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. இத்தனை பேர் முன்னால் இன்ஸ்பெக்‌ஷன் அம்மா கியரைக் கெடுத்தாள் என்று ஆகிவிடுமே என்று வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று, "நீ ஒரு தப்பும் பண்ணலடா. சிலருக்குக் கைராசி இருக்கும், சிலருக்கு இருக்காது. விடு" என்றேன். உங்கப்பா சிரித்தார். நீ காரைப் பெட்டியில் வைத்தாய்.

அந்த வார்த்தையை உங்கப்பா பிடித்துக்கொண்டார். ராசி, நட்சத்திரம் எதையும் நம்பக் கூடாது என்று நம் போதகர் ஐயர் பிரசங்கம் செய்யும்போது சபையிலேயே பெரிய குரலில் ஆமென் சொல்கிற மனுஷன், வீட்டுக்கு வந்து புது மிக்ஸியைப் பிரித்ததும் "சாமு, நீ தள்ளி நில்லு, நானே பிளக்க சொருகறேன்" என்பார். பழைய மிக்ஸி நீ சுவிட்ச் போட்ட அன்றைக்கு நின்றுபோனதாம். அதற்கு வயசு உன் வயசு. ஃபேன் மாட்ட நீ ஏணி பிடிக்கத்தான், ஏறக் கூடாது. நாங்கள் சிரித்தோம், நீயும் சிரித்தாய். ஆனால் காலேஜ் படிவம் வந்தபோது, பத்து வயசிலிருந்து மெக்கானிக்கல் மெக்கானிக்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் பி.காம். என்று எழுதினாய். ஏன்டா என்று கேட்டேன். "கைராசி இல்லாதவன் மெஷின் பக்கம் போகக் கூடாதும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வெந்த தோசையையே மறுபடி மறுபடி திருப்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கோயம்புத்தூரில் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, அடிபட்ட வண்டிகளின் போட்டோவைப் பார்த்துப் படிவம் நிரப்புகிறாய். உன் கல்யாணத்தன்று நீ தாலியை எடுத்தபோது உங்கப்பா பின்னாலிருந்து, "முடிச்ச கெட்டியா போடுடா, உன் கைராசிக்கு அவுந்துக்கப் போவுது" என்று கிசுகிசுத்தார். முன்வரிசையே சிரித்தது. நீ முடிச்சைப் போட்டுவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

ஷீலா பேசிய இரண்டாம் நாள், வியாழக்கிழமை, பஸ் பிடித்துத் திருமழிசைக்குப் போய் இம்ரானைப் பார்த்தேன். சின்ன ஷெட்தான். பேட்டரி ஆட்டோக்களின் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். "டேய், உண்மையச் சொல்லு, கூடப் படிச்சவன்னு பாவம் பாத்துத்தான் அவனக் கூப்பிடறியா?" என்று கேட்டேன். "இன்னா ஆன்ட்டி நீங்க! அன்னிக்கு ரேஸ்ல என் வண்டிக்கு கியர் கேப் வெச்சது யாரு? அவன்தான். அதே பேப்பர், அதே கை. மூணாவதா வந்தேன். அந்த கியர் இன்னிக்கி வரைக்கும் அதுலதான் கீது, ஒரு பல்லு போவல. அவன் வண்டி மட்டும் ஏன் போச்சுன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல" என்றான். நான் புரியவைத்தேன். சிரித்துச் சிரித்து அவனால் நிற்க முடியவில்லை, ஒரு கியர்பாக்ஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, இதை அவன்கிட்ட சொல்லிடுங்க. தயவுசெஞ்சு சொல்லிடுங்க" என்றான். அப்போது அவன் சிரிக்கவில்லை.

நேற்றுக் காலையில் உங்கப்பாவிடமும் சொன்னேன். பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். "அப்போ அந்த மிக்ஸி?" என்றார். "அது தானா செத்துதுங்க" என்றேன். எழுந்து போய்க் கேட்டைத் திறந்து, மறுபடி மூடித் தாழ்ப்பாள் போட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது உன் கல்யாணத்திலும் இல்லை. உள்ளே வந்து, நானும் ஒரு வரி எழுதுகிறேன் என்று வாங்கினார். இந்தத் தாளின் ஓரத்தில் கோணல்மாணலாக இருப்பது அவர் கையெழுத்துதான். "மன்னிச்சுக்கோ சாமு. மிக்ஸிக்கும் சேர்த்து." அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டுமாம். கியருக்கு நடுவில் விடுகிற இடைவெளியைப் போல் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவிலும் விட வேண்டும் என்று உங்கப்பா ஏதோ சொல்லச் சொன்னார். அதெல்லாம் நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரிந்தது கியர் மட்டும்தான். எது உடைந்தாலும் முதலில் உன்னையே குடையாதே. கடைசியாக இதைத் தொட்டது யார் என்று கேள். பெற்ற தாயாக இருந்தாலும் கேள். அன்றைக்கு நீ கேட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன், நீ தப்பித்திருப்பாய். நான் செய்தது தப்பு, சாமு. எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு, நான் பொறுத்துக்கொள்வேன், நடுவில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன்.

இம்ரானிடம் முடியாது என்று சொல்வதானாலும் சொல், அது உன் இஷ்டம். ஆபீஸ் வேலையே பிடித்திருக்கிறது என்று சொல். திருமழிசை வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சொல். ஷீலாவுக்கு விருப்பமில்லை என்றுகூடச் சொல், அவள் என்னை மன்னிப்பாள், உன்னைத்தான் உதைப்பாள். எனக்குக் கைராசி இல்லை என்று மட்டும் சொல்லாதே சாமு. அது நான் எனக்காகச் சொன்ன பொய். இத்தனை வருஷம் நீ சுமந்தது போதும். கொடு, இனி நான் வைத்துக்கொள்கிறேன்.

அம்மா